இரண்டு தடவை அடைக்க வேண்டிய பெட்டி

மாணிக்கவாசகம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி தொழிற்சங்கத்தார் என்னிடம்தான் கேட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக அவன் என்னோடு பேசுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் அவன் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்பான், நான் பதில் சொல்வேன். அதைப் பார்த்துவிட்டு எங்களை உயிர்ச் சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உழைப்பாளி, ஒழுக்கமானவன், யாரையும் ஒரு சொல் சொல்லாதவன் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாம் உண்மை. எழுதும்போதே வயிறு எரிந்தது. அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவன் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். ஜப்பான்காரன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் கம்போங் செட்டிக்குப் பின்னால் வாடகை வீடு பிடித்தான். என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. கலியாணசுந்தரம் என்கிற என் பெயரைக் கலியாணம் என்று சுருக்கியது அவன்தான். அவன் மனைவி சாரதாம்பாளும் என் மனைவி பொன்னம்மாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். அந்தக் குழாயடியில்தான் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. மாணிக்கம் அண்ணன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்கிறாராம், மாணிக்கம் அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறாராம் என்று தண்ணீரோடு சேர்த்துச் செய்தியும் வீட்டுக்கு வரும்.

1956-ல் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தார்கள். நானும் அவனும் சேர்ந்துதான் போனோம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒன்றும் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் குனி கலியாணம், பாத்துச் சொல்றேன்" என்று என் தோளில் ஏறிக்கொண்டான். ஏறினவன் இறங்கவில்லை. மலாயாவே கைதட்டிய அந்த நாளில் நான் பார்த்தது அவனுடைய இரண்டு கணுக்கால்களைத்தான். நாடு சுதந்திரம் அடைந்த கதையை இன்றைக்கும் அவன் பார்த்தவனாகச் சொல்வான், நான் கேட்டவனாகச் சொல்ல வேண்டும்.

பத்து பெரெண்டாமில் ரப்பர் விரிப்புத் தொழிற்சாலை திறந்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டில்களில் மெத்தைக்கு மேலே போடுகிற ரப்பர் விரிப்பு அங்கே தயாரானது. சூடான ரப்பரை மூன்று பெரிய உருளைகள் நசுக்கித் தகடாக வெளியே தள்ளும். தகடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே வெள்ளைப் பவுடர் தூவுவோம். வேலை முடிந்து வெளியே வரும்போது நாங்கள் எல்லாரும் கூத்துக்கு வேஷம் கட்டியவர்கள் போல இருப்போம். மாணிக்கம் மட்டும் சலவைக்கடையிலிருந்து வந்தவன் போல வருவான். எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தகட்டின் கனத்தைப் பார்ப்பது என் வேலை. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, கை அளவையில் வைத்துத் திருகி, "கனம் கூடுது" என்றோ "மெலிசு" என்றோ கத்துவேன். அதன்படி உருளையை முடுக்குவார்கள். அந்தக் கூடத்தில் என் வாய்க்குத்தான் மரியாதை. 1962-ல் அந்த மரியாதைக்கும் கேடு வந்தது. சீமையிலிருந்து கனம் அளக்கிற ஒரு கேஜ் பெட்டி வந்து இறங்கியது.

தகடு ஓடுகிற பாதைக்கு மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. மேல் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கதிரை விடுகிற ஏதோ ஒன்று இருந்தது. நாங்கள் அதை 'மருந்து' என்று சொல்லிக்கொண்டோம், வெடிமருந்து என்கிற அர்த்தத்தில். கதிர் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். கனமான தகடு என்றால் கொஞ்சம் இறங்கும், மெல்லிசு என்றால் நிறைய. அதைப் பார்த்து ஒரு முள் ஆடும். வெட்டவும் வேண்டாம், திருகவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

என் வேலையைப் பிடுங்கிக்கொண்ட பெட்டிக்கு என்னையே காவல் வைப்பார்கள் என்று நினைத்தேன். அதுதானே நியாயம்? மேனேஜர் துரை மாணிக்கத்தைக் கை காட்டினார். காரணம் கேட்டதற்கு, "சுத்தமான ஆள்" என்றாராம். சட்டையைத் தேய்த்ததற்கு இப்படி ஒரு பலன்!

பெட்டியைப் பொருத்த சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை எங்கள் மேஸ்திரியான மண்டோர் கணேசமூர்த்தி மலாயில் சொன்னார். மண்டோர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னால் மலாக்காவில் குடியேறிய தமிழர் வம்சம். பெயரைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரர் என்று நினைப்பீர்கள். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை எல்லாம் உண்டு. வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். மேல் பெட்டிக்கும் கீழ் பெட்டிக்கும் நடுவே சேருகிற ரப்பர்ப் பிசிறைக் கையை விட்டு எடுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று இஞ்சினியர் நீளமாக எதையோ சொன்னார். மண்டோர் அதைச் சுருக்கி, "துத்துப், துத்துப்!" என்றார்.

மலாயில் துத்துப் என்றால் மூடு. விளக்கை நிறுத்துவதற்கும் அதே சொல்தான். நாங்களும் இங்கே அப்படித்தான் பேசுகிறோம். லைட்டை அடை, ஃபேனை அடை, ரேடியோவை அடை. ஆகவே மண்டோர் இரண்டு தடவை சொன்னதை, 'மறக்காமல் நன்றாக அடை' என்று எடுத்துக்கொண்டோம். "போ, போ" என்றால் யாராவது இரண்டு தடவை போவார்களா? மாணிக்கம் சுவிட்சை அடைத்தான், பெட்டிமேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது, எல்லாரும் தலையாட்டினோம். மண்டோரின் கை பெட்டிக்குப் பின்புறமாகவும் ஒரு தடவை போய் வந்ததை நான் பார்த்தேன். ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

பெட்டிக்காரனுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். சட்டைப்பைக்கு மேலே குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு துண்டு ஃபிலிம். உடம்பில் கதிர் பட்டால் அது கறுக்கும். மாதாமாதம் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். அளவுக்கு மேல் கறுத்தால் அந்த ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே பேட்ஜ். தேய்த்த வெள்ளைச் சட்டையில் அதைக் குத்திக்கொண்டு அவன் நடந்தபோது, ஏதோ மன்னர் கையால் பட்டம் வாங்கியவன் போல இருந்தது.

"அவரு சட்டையில மெடல் தொங்குது. ஒங்க சட்டையில பொத்தானே இல்ல" என்றாள் பொன்னம்மா. பொத்தான் தைப்பது யார் வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாணிக்கம் அண்ணன் தானே தைத்துக்கொள்கிறாராம் என்பாள்.

எட்டு மாதம் பொறுத்தேன். தீபாவளி விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் பொறுமை போய்விட்டது.

வேலை முடிந்ததும் பேட்ஜை ஆபீஸ் வாசலில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் மாட்டிவிட்டுப் போனான். நான் எடுத்தேன். வெளியே கொண்டுபோக முடியாது, வாசலில் காவல்கார ஜாகா பையைத் தடவிப் பார்ப்பார். யாரும் கை வைக்காத இடம் கேஜ் பெட்டியின் இடுக்குதான். விளக்கு அணைந்திருந்தது. பேட்ஜை மேல் பெட்டிக்கும் கீழ் பெட்டிக்கும் நடுவே வைத்தேன். விடுமுறை முடிந்து துரை சுற்றிப் பார்க்க வருவார், பேட்ஜ் மெஷினில் கிடக்கும், பொறுப்பில்லாதவன் என்று மாணிக்கத்தை மாற்றுவார். அவ்வளவுதான் என் திட்டம். அவன் உடம்புக்கு ஒரு கெடுதலும் நான் நினைக்கவில்லை. இதை நம்புகிறவர்கள் நம்பலாம்.

மூன்று நாள் விடுமுறை. அவன் வீட்டு முறுக்கும் அதிரசமும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அதிரசம் நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திருட்டுப் புத்தி இருந்ததே தவிர, திருட்டுத் தைரியம் இல்லை. முதல் ஆளாகப் போய்ப் பேட்ஜை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். அவன் வந்தான், குத்திக்கொண்டான், வேலையைப் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து தபால் வரவில்லை, போனே வந்தது. ஃபிலிம் அடுப்புச் சட்டியின் அடி போலக் கறுத்திருக்கிறதாம்.

அன்றைக்கே மாணிக்கத்தைக் கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முடிவு சொல்லும்வரை வெளிமுற்றத்தில் இருக்கட்டும் என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். உடம்பில் மருந்து ஏறிவிட்டது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று காஜா பெராங் முழுக்கப் பேச்சு. குழாயடியில் சாரதாம்பாள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பொன்னம்மாவும் நகர்த்தினாள். மாணிக்கம் அண்ணன் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது.

பெட்டி எனக்கு வந்தது. பேட்ஜும் வந்தது.

பேட்ஜை வைத்ததால்தான் கறுத்ததோ என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. 'பெட்டிதான் அடைத்திருந்ததே, அடைத்த பெட்டியில் எப்படிக் கறுக்கும்? அவன் உடம்பில்தான் ஏதோ இருக்கிறது' என்று அந்த நினைப்பின் வாயை அடைத்தேன். பதினோரு நாள் ராஜா போல இருந்தேன். சட்டையை நானே தேய்த்தேன். பொன்னம்மா பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. சாயங்காலம் பிசிறு எடுக்கிற நேரம். மண்டோர் தூரத்திலிருந்து, "சுடா துத்துப்?" என்று கேட்டார். அடைத்தாயிற்றா என்று. "அடைச்சாச்சு மண்டோர்!" என்று கத்திவிட்டுக் கையை உள்ளே விட்டேன். விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு. இரண்டு நாளாகவே இருந்தது, சூட்டு ரப்பர் பட்டிருக்கும் என்று விட்டிருந்தேன். மாணிக்கம் ஒன்பது மாதம் இதே இடத்தில்தான் கையை விட்டிருக்கிறான். பெட்டி அடைத்திருந்தபோது. பேட்ஜை வைத்த அன்றைக்கும் அடைத்துத்தான் இருந்தது. அடைத்த பெட்டிக்குள் மூன்று நாள் கிடந்த ஃபிலிம் கறுத்திருக்கிறது. அப்படியானால் இது அடைத்த பெட்டியே இல்லை.

கையை இழுத்துக்கொண்டேன். மாணிக்கத்தின் உடம்பில் ஒன்றும் இல்லை, கோளாறு பெட்டியில்தான் என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டும் என்றால் பேட்ஜைத் திருடிய கதையையும் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும், காஜா பெராங்கில் தலைகாட்ட முடியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு துடைப்பக்குச்சியை எடுத்துவந்து அதால் பிசிறை எடுத்தேன். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் என் விரலைக் காப்பாற்றிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணிக்கம் என் வீட்டுப் படலுக்கு வெளியே வந்து நின்று கூப்பிட்டான்.

"உள்ள வா" என்றேன்.

"வேணாம். பொன்னம்மா பயப்படுவாங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். அந்தப் பெட்டிக்குள்ள கைய விடாத கலியாணம். அடைச்சிருந்தாலும் விடாத. குச்சி வெச்சு எடு. எனக்கு என்னமோ சரியாப் படல."

வலது கையை நீட்டிக் காட்டினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வீங்கி, தோல் உரிந்து, நகம் கறுத்திருந்தன. சட்டையில் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. அவன் சட்டையில் பொத்தான் போடாமல் நான் பார்த்ததே இல்லை. அந்த விரல்களால் போட முடியவில்லை.

ஊரே ஒதுக்கி வைத்தவன், தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனை எச்சரிக்க வந்து நிற்கிறான். நான் மூன்று நாளாகக் குச்சி வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன். அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இதிலும் முந்திக்கொண்டானே என்று. அந்த எரிச்சலில்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"நான்தான் எடுத்தேன்."

"என்னாத்த?"

"ஒன் பேட்ஜ. தீபாவளி லீவுக்கு முந்தி. பெட்டிக்குள்ள வெச்சேன். மூணு நாள் அங்கதான் கெடந்துச்சு."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. "பெட்டி அடைச்சிருந்துச்சா?" என்றான்.

"லைட்டு அடைச்சிருந்துச்சு."

தன் விரல்களைப் பார்த்தான். எனக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது அவனுக்கு ஒரு மூச்சில் விளங்கிவிட்டது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கெழம."

"இன்னிக்கு ஞாயிறு" என்றான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் அவன் ஆபீசுக்குள் நுழைவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். எல்லாம் முடிந்தது என்று பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மேனேஜரும் மண்டோரும் இருந்தார்கள். மாணிக்கம் மலாயில் சொன்னான். தீபாவளிக்கு முந்தின நாள் குனிந்து பிசிறு எடுக்கும்போது பேட்ஜ் கழன்று பெட்டிக்குள் விழுந்துவிட்டது, விடுமுறை முடிந்து வந்துதான் பார்த்தேன், பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன், நேற்று கலியாணசுந்தரம்தான் விசாரித்துக் கண்டுபிடித்தான், கோளாறு என்னிடம் இல்லை, பெட்டியில் என்று.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மேனேஜர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாளே இஞ்சினியர் ஓடி வந்தார். விளக்கை அணைத்துவிட்டு, கையில் கொண்டுவந்த, கதிரைக் கண்டுபிடிக்கிற கருவியைப் பெட்டியருகே நீட்டினார். பொரிச்சட்டியில் சோளம் போட்டது போலப் படபடவென்று அடித்தது. எல்லாரும் பின்வாங்கினோம். பிறகு பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். சுவிட்சை அடைத்ததும் ஒரு ஸ்பிரிங் இழுத்து, ஈயத் தகடு ஒன்று துவாரத்தை மூட வேண்டும். ரப்பர்த் தூசும் பவுடரும் சேர்ந்து பசையாகி, ஈயத் தகடு பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நின்றது. எத்தனை மாதமாக நின்றதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"பின்னாலிருக்கும் கைப்பிடியைத் திருப்பினீர்களா? தகடு முழுக்க மூடாவிட்டால் அது திரும்பாதே, அப்போதே தெரிந்திருக்குமே?" என்று இஞ்சினியர் கேட்டாராம். கைப்பிடியா? பின்னால் போய்ப் பார்த்தோம். ஒரு கைப்பிடி இருந்தது, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குப் பவுடர் படிந்திருந்தது. ஒருவரும் ஒரு நாளும் தொட்டதில்லை.

இஞ்சினியர் மண்டோரைப் பார்த்துக் கத்தினார். மண்டோர் அழாத குறை. "நான் ரெண்டும் சொன்னேனே! துத்துப், துத்துப்னு!" என்று மலாயில் புலம்பினார். முதல் துத்துப் சுவிட்சுக்கு. இரண்டாவது துத்துப் கைப்பிடிக்கு.

மாணிக்கத்தின் ரத்தத்தில் கெடுதல் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நடுவிரல் தப்பியது. ஆள்காட்டி விரலை முதல் கணுவோடு எடுக்க வேண்டியதாயிற்று. பேட்ஜ் விழுந்ததை மறைத்தவன் என்று பெட்டி வேலையை அவனுக்குத் திருப்பித் தரவில்லை, ஸ்டோரில் போட்டார்கள். பேட்ஜ் என்னிடமே இருந்தது. பெட்டிக் கோளாறைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. நான் ஆசைப்பட்டதற்கு மேலேயே கிடைத்தது.

கையில் கட்டோடு அவன் வேலைக்குத் திரும்பிய அன்று ஸ்டோர் வாசலில் போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வெரல் போன கை அந்த வேலைக்கு ஆவாது. உள்ளத சொன்னா ஒன்னையும் அனுப்பிருவாங்க. அப்புறம் பெட்டிய யாரு அடைப்பா? ஒனக்குத்தான் பயம் தெரியும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போதும்" என்றான். அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே ரோட்டில்தான் பத்து பெரெண்டாமுக்குப் போனோம், ஒரே நேரத்தில் போனோம். அவன் சைக்கிள் எப்போதும் ஐம்பது அடி எனக்கு முன்னால். குழாயடியில் குடங்கள் பழையபடி நெருங்கி உட்கார்ந்தன. மாணிக்கம் அண்ணன் பேச்சு வீட்டுக்குத் திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேர்தான் திரும்பவில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் பிசிறு எடுக்கிற நேரத்துக்கு ஸ்டோரிலிருந்து நடந்து வருவான். மெஷினுக்கு நாலடி தள்ளி நிற்பான்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

போய்விடுவான். பன்னிரண்டு வருஷம் இதுதான் எங்கள் பேச்சு. என் விரலைப் பற்றிய அக்கறையா, என் மேல் நம்பிக்கை இல்லையா, அல்லது தண்டனையா? கேட்க எனக்கு வாயில்லை. ஒரு நாள்கூட நான் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு இரண்டு என்று சொன்னதில்லை. அதையாவது எழுதிக்கொள்கிறேன்.

அவன் ஓய்வு பெற்ற அன்று கூட்டம் போட்டார்கள், மாலை போட்டார்கள், நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். 'யாரையும் ஒரு சொல் சொல்லாதவன்' என்ற இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை மெஷினுக்கு வந்தான். இந்தத் தடவை நாலடி தள்ளி நிற்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்தான்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும் மாணிக்கம்."

பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தக் குறைவிரல் கையை இடுக்குக்குள் விட்டான். அங்கே ஒட்டியிருந்த ஒரு பிசிறை நிதானமாக உரித்து எடுத்தான். என் கையில் வைத்தான். மாலையை வாங்கிக்கொண்டு போனான்.